எந்த வரியில் நின்றது?

விழுந்த சர்வரை நாற்பது நொடியில் எழுப்பிவிடுவார் திரவியம். அந்த அலுவலகத்தில் அவ்வளவு வேகம் வேறு எவருக்கும் கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஐம்பத்தொரு வயதில் புதுத் தொழிலுக்கு வந்த மனுஷன், பாவம், வேறு எதைச் சொல்லிப் பெருமைப்படுவார்?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கு ஒரு மென்பொருள் செய்து கொடுத்தார்கள். எந்த வேலை முடிந்தபின் எந்த வேலை, அதற்கு யார் பொறுப்பு, எந்தத் தேதியில் முடியும் என்பதையெல்லாம் அது கணக்குப் பண்ணிச் சொல்லும். தெற்கே அறுபது ஒப்பந்தக்காரர்கள் அதை நம்பித்தான் செங்கல் இறக்கினார்கள்.

அதற்கு முன் திரவியம் இருபத்தாறு வருஷம் தனியார் பஸ் கம்பெனியில் நேரக்காப்பாளர். கம்பெனி கைமாறியது; புது முதலாளி பழைய ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எட்டு மாதம் வேலையில்லாமல் கிடந்தும் திரவியம் மூலையில் உட்காரவில்லை. தன் மகள் வயதுப் பிள்ளைகளோடு மாலை வகுப்பில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் படித்தார். ஒரு வருஷம் பயிற்சி, அதற்குப் பிறகுதான் வேலை நிரந்தரம் என்ற பேச்சில் இங்கே சேர்த்துக்கொண்டார்கள். பத்து மாதம் ஓடிவிட்டது. இன்னும் இரண்டு மாதம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் கரைசேர்ந்துவிடலாம்.

அவருடைய குரு இசக்கியம்மாள். வயது முப்பத்துமூன்று. கம்பெனியின் சர்வர்கள் அவள் பொறுப்பு. அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளை மேடம் என்பார். பார்க்கிறவர்களுக்கு யார் குரு, யார் சீடன் என்று குழப்பமாக இருக்கும். அவர்கள் இருவருக்கும் அந்தக் குழப்பம் இருந்ததில்லை.

இசக்கி என்ற காவல்தெய்வத்தின் பெயரைக் கேட்டு உக்கிரத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒரு நாளைக்கு இருபது வாக்கியம் பேசினால் அதிகம். பாடம் நடத்துகிற வழக்கமும் கிடையாது. ஒவ்வொரு முறை சர்வர் விழுந்து, திரவியம் அதை ரீஸ்டார்ட் செய்து எழுப்பிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்துத் திரும்பும்போது, தன் நாற்காலியில் இருந்தபடியே ஒரே கேள்வி கேட்பாள்.

"எந்த வரியில நின்னுது, அண்ணாச்சி?"

அவருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? தான் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியையும் லாக் என்ற குறிப்பேட்டில் சர்வர் எழுதிக்கொண்டே போகும். விழுந்தால், கடைசியாக எந்த அடி என்பதும் அதில் இருக்கும். ஆனால் ரீஸ்டார்ட் செய்த நொடியில் பழைய லாக் அழிந்து புதிது தொடங்கிவிடும். இடத்தை மிச்சம்பிடிக்க யாரோ ஒரு புண்ணியவான் செய்துவைத்த ஏற்பாடு அது. லாக்கைச் சேர்த்துவைக்கத் தனி இடம் வேண்டும் என்று இசக்கி மூன்று முறை எழுதிக் கேட்டிருந்தாள். மூன்று முறையும் பார்க்கலாம் என்றே பதில் வந்தது.

"தெரியலியே, மேடம். இப்ப ஓடுது" என்பார் திரவியம்.

அவள் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அது திரவியத்துக்குச் சுருக்கென்று தைக்கும். ஓடுகிற வண்டியை ஏன் நின்றாய் என்று கேட்கிற ஆள் உண்டா என்று வீட்டில் மனைவியிடம் புலம்பியிருக்கிறார்.

விழுவதற்கும் அந்த சர்வர் ஒரு நாள் வைத்திருந்தது. பெரும்பாலும் திங்கட்கிழமை, காலை பத்து மணியை ஒட்டி. பத்தடித்துச் சில நிமிஷத்தில் அம்பாசமுத்திரம் பக்கத்துக் கட்டுமானத் தளத்திலிருந்து லூர்து கனி என்ற பெண் கூப்பிடுவாள். ஊருக்குப் பன்னிரண்டு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்டும் வேலை அங்கே. இன்ஜினியர்கள் சொல்வதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வாரம் தொடங்கும்போது முடிவுத் தேதியைக் கணக்குப் பண்ணச் சொல்வது அவள் வேலை. "அண்ணாச்சி, நம்ம சர்வர் நின்னுட்டு" என்பாள், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று சொல்வதுபோல. ஏழு மாதமாக இது நடந்தது. நேரில் பார்த்ததே இல்லை என்றாலும் அவள் குரல் திரவியத்துக்குப் பழகிப்போயிருந்தது. தகப்பன் இல்லாத வீடு, அவள் சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான் என்பது வரை தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை அவள் கூப்பிட்டபோது குரலே சரியில்லை. சென்னையிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வந்திருந்தார்கள். ஒப்பந்தக்காரர் அவர்கள் முன்னால் பெரிய திரையைப் போட்டு, தொட்டிகள் என்று முடியும் என்று காட்டப் பொத்தானை அமுக்கினார். திரை வெளுத்துப்போய் நடுவில் ஐந்நூறு என்ற எண் மட்டும் நின்றது. சர்வரால் வேலையை முடிக்க முடியவில்லை, ஏனென்று தெரியவில்லை என்பதற்கு அந்த எண். பத்துப் பேர் முன்னால் ஒப்பந்தக்காரரின் முகம் செத்துவிட்டது.

திரவியத்தின் கை வழக்கம்போல ரீஸ்டார்ட்டுக்குப் போனது. இசக்கி எழுந்து வந்து அவருடைய விசைப்பலகையின் வயரைப் பிடுங்கினாள்.

"செத்த நேரம் கெடக்கட்டும்."

அலுவலகத்தின் நான்கு தொலைபேசிகளும் மாற்றி மாற்றி அடித்தன. அறுபது ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரே சர்வர்தான். மேலாளர் ஆவுடையப்பன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே ஓடிவந்து, ஏன் இன்னும் எழுப்பவில்லை என்று கேட்டார். திரவியம் வயர் பிடுங்கிய விசைப்பலகையின் முன்னால் திருதிருவென்று விழித்தார்.

"லாக்க எடுக்காம எழுப்பமாட்டேன், சார்" என்றாள் இசக்கி.

ஆவுடையப்பன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். வாடிக்கையாளர் போய்விடுவார் என்றார், தலைமை அலுவலகத்துக்குத் தானே பதில் சொல்ல வேண்டும் என்றார். அவள் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. இருபது நிமிஷம் அங்கே ஊரே கத்தியது, அவள் மட்டும் லாக்கைத் தனியாகப் பிரதியெடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்து முடித்ததும் வயரைச் செருகிவிட்டு, "இப்ப எழுப்புங்க, அண்ணாச்சி" என்றாள்.

கூட்டம் கலைந்தபின் திரவியம் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப்போட்டார். ஏழு மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை அன்று கேட்டுவிட்டார்.

"மேடம், இது ஏன் திரும்பத் திரும்பச் சாவுது?"

அவள் லாக்கின் கடைசிப் பக்கத்திலிருந்து நான்கு வேலைகளை அச்செடுத்தாள். அதோடு ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்தாள்.

"நீங்கதான் சர்வர். முதல் வேலை என்னைக்கு முடியும்னு எழுதுங்க."

இருபத்தாறு வருஷம் பஸ்ஸுக்கு நேரம் போட்டவருக்கு இது ஒரு பெரிய காரியமா? முதல் வேலையைப் பார்த்தார். தொட்டிக் காங்கிரீட்டைத் தண்ணீர் விட்டு ஆறவைத்தல். தண்ணீர் வேண்டுமாதலால், குழாய் இணைப்பு முடிந்தபின் என்று போட்டிருந்தது. சரி, குழாய் இணைப்பு எப்போது? குழாயைச் சோதித்தபின். குழாய்ச் சோதனை? தொட்டியை நிரப்பியபின். தொட்டியை நிரப்புவது? காங்கிரீட் ஆறியபின். காங்கிரீட் ஆறுவது? குழாய் இணைப்பு முடிந்தபின்.

ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனார். எங்கேயோ ஒரு தேதி சிக்கும் என்று நம்பிக்கை. தாள் நிறைந்தது. இசக்கி இன்னொரு தாள் வைத்தாள். அதுவும் நிறைந்தது. மூன்றாவது தாளில் பாதிவரை வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தன தாள் தருவீய?"

"இருக்க வரைக்கும்."

இன்னும் நாலு வரி எழுதினார். பிறகு பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் வச்சிட்டிய?"

"இதுக்குத் தேதியே கெடையாது, மேடம். கடைசி வரைக்கும் சுத்திக்கிட்டேதான் இருக்கணும்."

"அதுவும் அதத்தான் சொல்லுது" என்றாள் இசக்கி. "ஏழு மாசமா."

திரவியம் அந்த நான்கு வரிகளையே பார்த்தார். தொட்டிப் பிரிவுக்காரன் குழாய் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறான். குழாய்ப் பிரிவுக்காரன் தொட்டி ஆகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறான். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. ஏழு மாதமாக ஊருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வந்திருக்காது. அந்தத் திட்டத்தில் பெரிய சம்பளம் வாங்கும் ஒருவரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னது இந்த சர்வர் ஒன்றுதான், அதன் வாயையும் வாராவாரம் நாற்பது நொடியில் அடைத்தவர் திரவியம்.

இல்லை, இன்னொருவரும் சொல்லியிருந்தார். நான்காவது வேலைக்குப் பக்கத்தில், யாரும் படிக்காத குறிப்புக் கட்டத்தில், இரண்டு வரி இருந்தது: 'சார், இது சுத்தி முதல் வேலைக்கே வருதே. சரிதானா? கேட்டுச் சொல்லவும். லூ. கனி.'

"முன்ன இதுக்கு ஒரு காவல் இருந்துது" என்றாள் இசக்கி. "சுத்துத வேலையச் சேமிக்கவே விடாது. செவப்புக் கட்டம் வரும். எங்க போச்சின்னு பாக்கணும்."

மென்பொருளில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்ற வரலாற்றைத் திறந்து தேட ஆரம்பித்தாள். அவள் தேடவே வேண்டாம், திரவியத்துக்கு நினைவு வந்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். இசக்கி ஊரில் கோயில் கொடை விழாவுக்குப் போயிருந்தாள். இந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள், சிவப்புக் கட்டம் வந்து உயிரை வாங்குகிறது, எதையும் ஏற்ற முடியவில்லை என்று கத்தினார்கள். அதை எடுத்துவிடுங்கள் என்றார் ஆவுடையப்பன். திரவியம் தேடிக் கண்டுபிடித்து நான்கு வரியை எடுத்தார். அவர் தனியாகச் செய்த முதல் வேலை அது. கத்தல் நின்றது. ஆவுடையப்பன் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்து, அண்ணாச்சி கெட்டிக்காரர் என்றார். அந்த அல்வாவில் ஒரு துண்டை மனைவிக்கு மடித்து எடுத்துப்போனதுகூட அவருக்கு நினைவிருந்தது.

இசக்கியின் திரையில் அந்தப் பக்கம் வந்து நின்றது. மாற்றியவர் பெயர், தேதி, நேரம். அவள் படித்தாள். திரும்பி அவரைப் பார்க்கவில்லை. பக்கத்தை மூடிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

"அந்த நாலு வரியையும் திரும்பப் போட்டுரட்டுமா, மேடம்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எடுக்கும்போது எங்கிட்ட கேக்கலியே."

அவர் தன் இடத்துக்குப் போனார். ஒருவரிடமும் கேட்காமல் நான்கு வரியையும் திரும்பப் போட்டார். மதியச் சோற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

மூன்று மணிக்கு ஆவுடையப்பன் ஒரு கடிதத்தோடு வந்தார். ஒப்பந்தக்காரர் கேட்டு வாங்குகிற கடிதம். அதிகாரிகளுக்குக் காட்ட ஒரு காரணம் வேண்டும். மென்பொருளிலும் குற்றம் இருக்கக் கூடாது, இன்ஜினியர்கள் மேலும் குற்றம் வரக் கூடாது. இரண்டு பக்கமும் பேசி, இருவருக்கும் சௌகரியமான ஒரு காரணத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஒரு கையெழுத்து விழுந்தால் முடிந்தது.

முதலில் அதை இசக்கியின் முன்னால் வைத்தார். அவள் முழுவதும் படித்துவிட்டு அவர் பக்கமே தள்ளினாள்.

"நான் பாத்த லாக்குல இது இல்ல, சார்."

அவளிடம் மல்லுக்கு நின்று பயனில்லை என்று அவருக்குத் தெரியும். கடிதத்தை எடுத்துக்கொண்டு திரவியத்திடம் வந்தார். இந்தப் புகார் எழுந்ததிலிருந்து பார்த்துவருவது நீங்கள்தானே, உங்கள் கையெழுத்தே போதும் என்றார்.

திரவியம் படித்தார். வணக்கம், பொருள், பார்வை எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஏழாவது வரியில், தகவலைத் தவறாக ஏற்றிய ஊழியர் லூர்து கனியின் கவனக்குறைவே காரணம் என்று ஆய்வில் தெரியவருகிறது என்று இருந்தது.

"சார், இந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்?"

அங்கேயும் யாரையாவது வீட்டுக்கு அனுப்பியாக வேண்டுமே என்றார் ஆவுடையப்பன். அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லும்போது அவருக்கும் முகம் கறுத்தது. பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாய்ந்துகொண்டு, குரலைத் தணித்து, உள்ளதைச் சொன்னார்.

"அதுக்குச் சின்ன வயசு, அண்ணாச்சி. இங்க இல்லைன்னா இன்னொரு எடம். உங்களுக்கு யாரு வேல தருவா? நிரந்தரம் பண்ண உங்க காயிதம் என் மேஜையிலதான் இருக்கு."

அது பொய்யில்லை என்பதுதான் கொடுமை. வேலையில்லாமல் வீட்டில் இருந்த அந்த எட்டு மாதம் திரவியத்தின் கண்முன் வந்தது. யார் வந்து கதவைத் தட்டினாலும் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வார். அதற்குத் திரும்பிப் போக அவருக்குப் பயம், சாதாரணப் பயம் இல்லை. நான்கு வரியை எடுத்தது யார் என்பது இந்த அலுவலகத்துக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. எடுக்கச் சொன்ன ஆவுடையப்பனும் சொல்லமாட்டார், இசக்கியும் சொல்லமாட்டாள். அவர் கையெழுத்துப் போட்டால் ஏழாவது வரியோடு எல்லாம் புதைந்துபோகும்.

பேனாவைத் திறந்தார். கடிதத்தின் அடியில், தன் பெயர் அச்சிட்டிருந்த இடத்துக்கு மேல் வைத்தார். கை அங்கேயே நின்றது.

பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, நின்னுட்டிய?" என்றார் ஆவுடையப்பன்.

அதற்குள் ஆவுடையப்பனின் கைபேசி அடித்தது. ஒப்பந்தக்காரர். இதோ, ஐந்தே நிமிஷம் என்று சொல்லிக்கொண்டே அவர் ஜன்னல் பக்கம் போனார்.

இசக்கி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"எந்த வரியில நின்னிய, அண்ணாச்சி?"

பத்து மாதத்தில் முதல் முறையாக அவரிடம் அதற்கு விடை இருந்தது.

"ஏழாவது வரி, மேடம்."

"காரணம்?"

"அதுல இருக்க பேரு தப்பு."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அவரும் காத்திருக்கவில்லை. பேனாவை எடுத்து ஏழாவது வரியை அடித்தார். அதற்கு மேல், பஸ் அட்டவணையில் எழுதிப் பழகிய முத்து முத்தான எழுத்தில் எழுதினார்: 'தொட்டிப் பிரிவும் குழாய்ப் பிரிவும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கின்றன. இதற்கு முடிவுத் தேதி கிடையாது. இப்படிச் சேமிக்கவிடாமல் தடுத்த காவலை, மேலாளர் சொல்ல, எடுத்தவன் நான். லூர்து கனி இதை அன்றே கேட்டு எழுதியிருக்கிறார், ஒருவரும் படிக்கவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டார். தேதியையும் நேரத்தையும் போட்டார், அது பழைய தொழில் பழக்கம்.

எழுந்து போய்த் தாளை ஸ்கேன் செய்தார். ஒப்பந்தக்காரரும் அவருடைய ஆட்களும் அதிகாரிகளும் பார்க்கிற புகார்ப் பக்கத்தில் அதை ஏற்றிச் சேமித்தார். சர்வர் ஒரு முனகலும் இல்லாமல் வாங்கிக்கொண்டது. சற்று நேரத்தில் அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி முளைத்தது. படித்தவர்: லூர்து கனி.

ஆவுடையப்பன் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். இரண்டு முறை படித்தார். அவர் கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், கத்தவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, திரவியத்தை விட்டுவிட்டு இசக்கியைப் பார்த்துப் பேசினார்.

"மனுஷன் மதியம் சாப்பிடவும் இல்ல போலிருக்கு. நீங்க கீழ கூட்டிட்டுப் போய் ஒரு டீ வாங்கிக் குடுங்க. பத்து நிமிஷம் ஆறட்டும், தெளிஞ்சிருவாரு. நான் வேற கடிதம் அடிச்சு வைக்கேன். முன்னது தெரியாமப் போட்டதுன்னு வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

திரவியம் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இசக்கி அவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு மேலாளரிடம் சொன்னாள்.

"வேண்டாம், சார். ரீஸ்டார்ட் பண்ணினா லாக் அழிஞ்சிரும்."